நாலு மணி அலாரமும் பத்தாம் வகுப்பும்

வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் ஜூன் மாதமே கேபிளை வெட்டிவிடுகிறோம். கல்யாணம் காதுகுத்துக்குப் போவது நிற்கிறது. பெரியப்பா முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். அதில் கேள்வியே கேட்கப்படாமல் காலங்காலமாகப் புழங்குகிற சிலவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

“எங்களுக்கே படிப்பில்லை, நாங்க என்ன சொல்லித் தர்றது?”

சொல்லித் தரவே வேண்டாம். நான்சி ஹில், டயானா டைசன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், நடுநிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைப் பற்றிய 50 ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் அலசினார்கள். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்துக்கு உதவியதால் மதிப்பெண் கூடியதாகத் தெரியவில்லை. பின்தங்கிய பிள்ளைக்குத்தானே அப்படி உதவுவார்கள் என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். ஆனால் நல்ல மதிப்பெண்ணோடு மிக வலுவாகச் சேர்ந்து வந்தது வேறொன்று. படிப்பு எதற்கு, அடுத்து என்ன படிக்கலாம், உனக்கு எதில் ஆசை என்று வீட்டில் நடக்கிற பேச்சுதான் அது. அதற்கு அல்ஜீப்ரா தெரிந்திருக்க வேண்டாம்.

பனியன் கம்பெனியில் ஓவர்டைம் முடிந்து ஒன்பது மணிக்கு வருகிற அம்மா, தோசை ஊற்றிக்கொண்டே “இன்னைக்குக் கணக்கு டீச்சர் என்ன நடத்தினாங்க, சொல்லு கேப்போம்” என்றால் போதும். பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போதே எந்த இடத்தில் தடுக்குகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இதில் பள்ளிக்கும் பெரிய பங்கு உண்டு. பெற்றோர் கூட்டத்தில் வழக்கமாக நடப்பது என்ன? “பையன் கணக்குல வீக்கும்மா, வீட்ல கவனிங்க.” அந்த அம்மா தலையாட்டுவார், கையெழுத்துப் போடுவார், அரை நாள் கூலி போன கவலையோடு பஸ் ஏறுவார். எதைக் கவனிப்பது? மாறாக, விடைத்தாளைப் பிரித்து வைத்து, “இங்க பாருங்கம்மா, ஒரு மார்க், ரெண்டு மார்க்கெல்லாம் ஓரளவு எழுதியிருக்கான். கடைசியில வடிவியல் எட்டு, கிராஃப் எட்டு, பதினாறு மார்க்கைத் தொடவே இல்லை. காம்பஸ் பாக்ஸே கொண்டு வர்றதில்லை” என்று ஆசிரியர் காட்டினால், படிக்கத் தெரியாத தாய்க்கும் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு வேலை இருக்கும். ஐந்து நிமிடம் கூடப் பிடிக்காது. ஆனாலும் பல பள்ளிகளில் இது நடப்பதில்லை.

“விடியற்காலை நாலு மணிக்குப் படிச்சாத்தான் மண்டையில ஏறும்”

இரவு எட்டு மணிக்கே தூங்கிவிட்டால் தாராளமாக எழுப்புங்கள். டியூஷன் விட்டு ஒன்பதரைக்கு வந்து, சாப்பிட்டுப் பதினொன்றரைக்குப் படுக்கிற பிள்ளையை நாலுக்கு எழுப்பினால் அது நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது 2016-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி சொன்ன கணக்கு. பருவ வயதில் உடல் கடிகாரமே தள்ளிப்போகிறது. சீக்கிரம் தூக்கம் வராதது திமிர் அல்ல. படித்தது நினைவில் பதிவதும் தூக்கத்தில்தான்.

“பத்துத் தடவை படி, தானா நிக்கும்”

ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்ததை மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்த குழுதான் முந்தியது. ஒரு வாரம் கழித்து எழுதிய குழுவுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்த குழுவுக்கு 40. வீட்டில் சத்தம் போட்டுப் படிக்கச் சொல்வதைவிடப் புத்தகத்தை மூடச் சொல்வது நல்லது. பள்ளியில் வைக்கிற சின்ன டெஸ்ட்டும் இதனால்தான் நல்லது. அதன் மதிப்பெண்ணை வைத்து முட்டிபோட வைத்தால் அந்த நன்மை போய்விடும்.

“ஒன்பதையும் பதினொண்ணையும் ஒப்பேத்திக்கலாம்”

பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தி மதிப்பெண் குவித்த பள்ளிகள் நம்மிடம் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது கிடையாது. பழைய ஆசை திரும்பத் துளிர்க்கும் என்பது என் சந்தேகம். நீட், ஜே.இ.இ. கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருகின்றன என்பதைப் பெற்றோர்தான் பள்ளியிடம் நினைவூட்ட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு இன்னும் முக்கியம். எட்டு வரை யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. சேர்த்து வைத்த இடைவெளியெல்லாம் ஒன்பதில் வெளியே வரும். அப்போது பிள்ளை முதலில் செய்வது லீவு போடுவது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் குழு 2007-இல் கண்டதும் இதுதான்: ஒன்பதாம் வகுப்பில் யார் தோற்பார்கள் என்பதை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணைவிட வருகைப் பதிவு பல மடங்கு துல்லியமாகக் காட்டியது. இருபதாவது நாள் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவதைவிட, இரண்டாவது நாளே ஒரு போன் போடுவது மேல்.

“பத்துல ஃபெயிலானா ஒரு வருஷம் போச்சு”

போகாது. மே மாதம் முடிவு வந்தபின் ஜூன், ஜூலை வாக்கில் துணைத்தேர்வு நடக்கிறது. தேறினால் அந்த ஆண்டே பிளஸ் ஒன், பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எதிலும் சேர முயலலாம். மாநில முதலிடம் அறிவிப்பதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டாலும், முடிவு வரும் நாளில் ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் குறைந்தபாடில்லை. அன்று தோற்ற பிள்ளையின் வீட்டுக்குத்தான் வகுப்பாசிரியரின் முதல் போன் போக வேண்டும். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்க அதிக நாள் தர மாட்டார்கள். விவரம் கேட்க பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.