ப்ளூடூத் மாட்யூல் தேடும் பிள்ளைகளுக்கு

நெய்வேலி டவுன்ஷிப்பில் பாலிடெக்னிக் பிள்ளைகள் புராஜெக்ட் வேலையில் இறங்கினால் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச ப்ளூடூத் மாட்யூல் எது?" விலையைக் கடைசியில் பேசுவோம். அதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில.

1. பாட்டு கேட்கவா, கட்டளை அனுப்பவா? மெயின் பஜாரிலோ வடலூர், பண்ருட்டிப் பக்கமோ கடையில் போய் வெறுமனே "ப்ளூடூத் மாட்யூல்" என்று கேட்டால், யு.எஸ்.பி. துளையும் மெமரி கார்டு துளையும் உள்ள ஒரு போர்டை எடுத்து வைப்பார்கள். ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்கிறவர்கள் வாங்குவது அது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவருக்கு வருகிற வாடிக்கையாளர்கள் அப்படி. அந்த போர்டு பாடும். உன் மோட்டார் வண்டியை ஓட்டாது. "சீரியல் ப்ளூடூத், எச்.சி-05" என்று பெயர் சொல்லிக் கேள்.

2. உன் கையில் என்ன போன்? எச்.சி-05 பழைய கிளாசிக் ப்ளூடூத் 2.0 வகை. ஆண்ட்ராய்டு அதனோடு நன்றாகப் பேசும். ஐபோனில் சாதாரண ஆப் எதுவும் அதைத் தொட முடியாது. ஐபோன்தான் இருக்கிறது என்றால் பி.எல்.இ. (ப்ளூடூத் லோ எனர்ஜி) வகைக்குப் போ, எச்.எம்-10 அந்த வகை.

3. எச்.சி-05, எச்.சி-06 இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கடையில் கிடைக்கிற போர்டுகளில் 05-க்குப் பெரும்பாலும் ஆறு பின், 06-க்கு நான்கு. 06 தானாக யாரையும் அழைக்காது, வருகிற அழைப்பை மட்டும் ஏற்கும். இரண்டு ஆர்டுயினோவை ஒன்றோடொன்று பேசவைக்க ஒரு பக்கமாவது 05 வேண்டும். விலை வித்தியாசம் சொற்பம் என்றால் 05-ஐயே எடு.

4. டூப்ளிகேட் பற்றி ரொம்பப் பயப்படாதே. இந்த விலையில் வருவதில் பாதிக்கு மேல் யாரோ ஒருவர் பார்த்துச் செய்ததுதான். எச்.எம்-10 வாங்கும்போது மட்டும் கவனம்: போலி போர்டுகள் பலவற்றில் ஓரத்தில் இருக்கவேண்டிய 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருக்காது. அவை இணையும், ஆனால் அமைப்பை மாற்ற அனுப்பும் ஏ.டி. கட்டளைகள் வேறு. புத்தகத்தில் உள்ளதை அடித்தால் பதில் வராது, நீ இரவு முழுக்க ஒயரைச் சந்தேகப்படுவாய்.

5. போர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படி. பவர் 3.6 முதல் 6 வோல்ட், லெவல் 3.3 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். ஆர்டுயினோ ஊனோவின் டி.எக்ஸ். பின்னில் வருவது 5 வோல்ட். ஊனோ பக்கம் 1 கிலோ ஓம், கிரவுண்டு பக்கம் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, நடுவிலிருந்து மாட்யூலின் ஆர்.எக்ஸ்.-க்கு எடுத்தால் 3.3 வோல்ட் கிடைக்கும். "நேராகவே கொடுத்தேன், ஓடுது" என்று நண்பன் சொல்வான். ஓடும், எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. ரெசிஸ்டர் சில்லறைக் காசு.

6. "போர்டு போயிடுச்சு" என்று சொல்லுமுன் பார்க்க வேண்டியவை நிறைய. டி.எக்ஸ். எதிரே ஆர்.எக்ஸ். இருக்கிறதா? ஊனோவில் 0, 1 பின்களில் மாட்யூலை மாட்டியிருந்தால் புரோகிராம் ஏற்றும்போது கழற்றினாயா? எல்.இ.டி. வேகமாக மின்னினால் ஆள் தேடுகிறது என்று அர்த்தம். இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக மின்னினால் ஏ.டி. நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் பாட் ரேட் 38400, வரி முடிவில் என்.எல்., சி.ஆர். இரண்டும் வேண்டும். சாதாரண நிலையில் பெரும்பாலும் 9600. ஜோடி சேர்க்கும் எண் 1234, இல்லையென்றால் 0000. ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் ஆப்புக்கு அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதி கொடுத்தாயா என்றும் பார்.

ஏ.டி. நிலைக்குப் போனதும் பெயரையும் எண்ணையும் மாற்றிவிடு. இல்லாவிட்டால் கல்லூரிக் கண்காட்சியில் பத்து வண்டிகளும் போனில் ஒரே பெயரில் வரிசையாக நிற்கும். உன் பட்டனை அழுத்த பக்கத்து மேசை வண்டி ஓடும். வேடிக்கையாகத்தான் இருக்கும், மார்க் போடுகிறவர் உன் மேசையில் நிற்காதவரை.

7. இன்னும் எதுவுமே வாங்கவில்லையா? அப்படியானால் தனி மாட்யூலே வேண்டாம். 2016-இல் வந்த இ.எஸ்.பி.-32 சிப்பில் வைஃபையும் ப்ளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன. ஊனோவும் எச்.சி-05-உம் சேர்ந்து ஆகிற செலவைவிட அந்த போர்டு ஒன்று மலிவாகவே முடியும். ஆனால் பின்னால் வரும் எழுத்தைப் படி: எஸ்2-வில் ப்ளூடூத்தே கிடையாது, எஸ்3, சி3 இரண்டிலும் பி.எல்.இ. மட்டும். எச்.சி-05 போல ப்ளூடூத் சீரியல் வேண்டுமென்றால் எழுத்து எதுவும் ஒட்டாத பழைய இ.எஸ்.பி.-32 வாங்கு. ஊனோ ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது என்றால்தான் எச்.சி-05 லாபம்.

8. இப்போது விலை. எச்.சி-05 பெரும்பாலும் 200 முதல் 350 ரூபாய்க்குள் அடங்கும். சீனாவிலிருந்து அலிஎக்ஸ்பிரஸ் வழியாக வரவழைத்துக்கொண்டிருந்தார்கள்; 2020 நவம்பரில் அரசு அதைத் தடை செய்தது. சென்னை ரிச்சி தெருவில் பேரம் பேசி வாங்கலாம், ஆனால் இங்கிருந்து போய்வரும் பஸ் காசில் இன்னொரு மாட்யூல் வந்துவிடும். வேறு வேலையாகப் போகிறவரிடம் சீட்டு எழுதிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ஆன்லைனில் என்றால் வகுப்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள், கூரியர் கட்டணம் பிரிந்துவிடும்.

9. எட்டும் தூரம் பத்து மீட்டர் என்று போட்டிருப்பது திறந்த வெளிக்கு. குவார்ட்டர்ஸ் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் பாதிகூடத் தேறாது. நடந்து பார்த்துச் சோதி; அதற்காக விளக்கு மின்னும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சி.ஐ.எஸ்.எஃப். காவல் நிற்கும் கேட் பக்கம் போகாதே. ரிலே போட்டு 230 வோல்ட் விளக்கை எரிய வைப்பதற்கு முன், ரிலே "டிக்" என்று அடிப்பதை மட்டும் கேட்டு எல்லாவற்றையும் சரிபார். மெயின் லைன் ஒயரை, வேலை தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.