குளிர்நீரில் படகோட்டுவோர் உடை

மானம் காப்பதும் அழகு சேர்ப்பதும் உடையின் பணிகள் என்பர். உயிர் காப்பதும் அதன் பணியே என்பதைக் கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் அறிந்திருந்தனர். ‘கயாக்’ என்னும் ஒடுங்கிய தோற்படகில் கடல்நாய் வேட்டையாடிய அவர்கள், ‘துய்லிக்’ எனும் தோலாடையை அணிந்தனர். முகத்தையும் மணிக்கட்டையும் இறுகத் தழுவும் அவ்வாடை, படகின் அமர்குழி விளிம்போடு பிணைக்கப்படும். படகு கவிழினும் நீர் உட்புகாது. ஓட்டுநர் துடுப்பின் துணையால் மீண்டும் நிமிர்வார்.

இன்றும் கயாக் ஓட்டுவோர்க்குரிய முதல் விதி, காற்றின் வெப்பத்தை நோக்காது நீரின் குளிரை நோக்கி உடுத்துவதேயாம். காரணம் யாது? நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல்வெப்பத்தைக் கவரும். இளவேனிலில் வெயில் இதமாயினும் நீர் குளிர்ந்தே இருக்கும். அதில் திடீரென வீழ்வோர் தம்மையறியாது மூச்சை உள்ளிழுப்பர். அப்போது வாய் நீருள் இருப்பின் உயிருக்கே இறுதி.

வெப்பநாட்டில் நமக்கு உற்ற துணையாகும் பருத்தி அங்கே பகையாகும். நனைந்தால் அது வெப்பம் காவாது. எனவே உள்ளே கம்பளி அல்லது செயற்கையிழை ஆடை, அதன்மேல் நீர்புகா முழுவுடை, அனைத்திற்கும் மேலே மிதவைச் சட்டை என அணிதல் வேண்டும். தலைக்கும் கைக்கும் காப்பு இன்றியமையாதது.

கரையில் சற்றே வியர்ப்பினும் தாழ்வில்லை. நீரில் விறைத்தல் ஆகாது.