தொங்கல் தொகுதிப் புயங்களுக்கு உருக்குக் குழாயைத் தெரிவுசெய்தல்

மோட்டார் வண்டியொன்றை வீட்டிலேயே கட்டுவது ஐக்கிய இராச்சியத்தில் பலரின் பொழுதுபோக்காகும். 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் வண்டியைப் பின்பற்றி ரொன் சம்பியன் என்பவர் 1996இல் எழுதிய நூல் இதற்குப் பெரிதும் உதவியது. இவ்வாறு கட்டுவோர் சில்லைத் தாங்கும் ஏ வடிவப் புயங்களைக் குழாய்களை வெட்டி ஒட்டித் தாமே ஆக்குகின்றனர். ஓட்டத்தின்போது ஒரு புயம் முறிந்தால் சில்லு சரிந்து, வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். எனவே குழாய்த் தெரிவு உயிருடன் தொடர்புடையது.

கோலுக்குப் பதில் குழாய் ஏன்? வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர், உள்விட்டம் 20 மில்லிமீற்றர் உள்ள குழாயை எடுப்போம். 25² − 20² = 15² ஆகையால் 15 மில்லிமீற்றர் விட்டமுள்ள திண்மக் கோலும் அதே திணிவுடையது. வளைவுக்கான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் தங்கியுள்ளது.

குழாய்: 25⁴ − 20⁴ = 230 625
கோல்: 15⁴ = 50 625

ஒரே திணிவில் குழாய் ஏறத்தாழ 4½ மடங்கு விறைப்பானது. கீழ்ப்புயத்தில் வில் பொருத்தப்படும் வண்டிகளில் அப்புயம் வளைவுக்கும் உட்படுவதால் இது முக்கியமானது.

குழாய்கள் இரு வகையாக ஆக்கப்படுகின்றன. தகட்டைச் சுருட்டி விளிம்புகளை மின்தடை வெப்பத்தால் ஒட்டியது ஒருவகை, மலிவானது. இதன் உட்புறம் மூட்டுக்கோடு புடைத்திருக்கலாம். அப்போது புரியிட்ட செருகி உள்ளே இறுக்கமாக அமராது. குளிர்நிலையில் இழுத்த மூட்டற்ற குழாயில் இக்குறை இல்லை. சுவர்த்தடிப்பும் அளவாக இருக்கும். புயத்துக்கு இதுவே சிறந்தது.

குரோமியம், மொலிப்டினம் கலந்த கலப்புலோக உருக்கை வாங்கினால் புயம் குறைவாக வளையும் என்பது பலரின் தவறான எண்ணம். அதன் வலிமை கூடுதலே. ஆனால் யங்கின் மட்டு மென்னுருக்கினதைப் போன்றே ஏறத்தாழ 200 கிகாபஸ்கால் ஆகும். ஒரே அளவுக் குழாய்கள் ஒரே சுமையில், மீள்தன்மை எல்லைக்குள், ஒரே அளவே வளையும். மேலும், ஒட்டியபின் விரைவாகக் குளிர்ந்தால் அக்கலப்புலோகத்தில் ஒட்டின் அருகே நொறுங்குந்தன்மை ஏற்படலாம்.

குழாயைத் தரச் சான்றிதழ் தரும் உலோக விற்பனையாளரிடம் வாங்குதல் வேண்டும். பழைய குழாயின் உட்துரு வெளியே தெரியாது. நாகம் பூசிய தண்ணீர்க் குழாய் கைக்கெட்டியதுதான். ஆனால் அது புயத்தின் சுமைக்கென ஆக்கப்பட்டதன்று, ஒட்டும்போது எழும் நாகப் புகை காய்ச்சலையும் தரும். புகைபோக்கிக் குழாயின் சுவரோ மிக மெல்லியது. அந்நாட்டில் இத்தகைய வண்டிகள் வீதிக்கு வருமுன் தனி வாகன அங்கீகாரப் பரிசோதனைக்கு உட்படல் வேண்டும்.

பயிற்சி வினா: வெளிவிட்டம் 26 மில்லிமீற்றர், சுவர்த்தடிப்பு 1 மில்லிமீற்றர் உள்ள குழாய், சம திணிவுள்ள கோலைவிட எத்தனை மடங்கு விறைப்பானது? அவ்வாறிருந்தும் அது புயத்துக்கு ஏன் பொருந்தாது?

விடைக் குறிப்பு: 12½ மடங்கு. கல் பட்டால் நசுங்கும். நசுங்கிய இடத்தில் நெருக்கலின்போது மடியும். ஒட்டும்போது இலகுவில் துளை விழும்.