வீட்டிலிருந்து இணையவழி உதவியாளர் பணி: எழுதிக்கொண்டு தொடங்குவோம்



திருச்சியில் பெண்கள் வீட்டிலிருந்தபடி சம்பாதிப்பது புதிதல்ல. செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவதும் பீடி சுற்றுவதும் இங்கே பல வீடுகளில் நடந்த வேலைகள்தாம். உழைப்பு நம்முடையது; கூலியைச் சொன்னவர் சரக்கைக் கொடுத்தவர். இன்று நம் பெண்பிள்ளைகள் விசாரிக்கும் 'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' எனும் இணையவழி உதவியாளர் பணியில் கூலியை நாமே சொல்லலாம். ஆனால் சொன்னதை முதல் நாளே எழுத்தில் வைக்க வேண்டும். இம்மாதப் பாடம் அதுதான்.

என்ன வேலை?

ஒருவருடைய அலுவலக வேலையை வீட்டுக் கணினியில் செய்து கொடுப்பது. தில்லைநகர் மருத்துவர் ஒருவருக்கு நோயாளிகளின் முன்பதிவைக் கவனிக்கலாம். பெரிய கடைவீதித் துணிக்கடைக்கு வரும் வாட்ஸ்அப் ஆர்டர்களுக்குப் பதில் சொல்லலாம். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன் ஸ்ரீரங்கத்துத் தங்கும் விடுதியின் அறைப் பதிவுகளை எக்செல்லில் ஒழுங்குபடுத்தலாம். வெளிநாட்டு வேலையும் கிடைக்கும். சிங்கப்பூரில் காலை 9 மணி என்றால் நமக்கு 6.30, ஃபஜ்ரு தொழுதுவிட்டு உட்காரலாம். துபாயில் 9 மணி என்றால் நமக்கு 10.30, பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருப்பார்கள்.

இது அமானிதம்

அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்று, நேர்மையாக விற்றுக் கணக்கை ஒப்படைத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். பிறர் தொழிலை அவர் சார்பில் நடத்துவதற்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி நமக்கு இல்லை. கையில் வரும் நோயாளி விவரம், வாடிக்கையாளர் எண், கடவுச்சொல் எல்லாம் அமானிதமே. வீட்டாரிடமும் அவற்றைப் பேசக் கூடாது. போலிப் பாராட்டு எழுதித் தரச் சொன்னாலோ, வட்டித் தொழிலுக்கு ஆள் பிடிக்கச் சொன்னாலோ, பணம் எவ்வளவானாலும் மறுத்துவிட வேண்டும்.

ஏன் எழுத வேண்டும்?

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலைத் தவணையோடு எழுதி வைப்பது பற்றியது. மாதம் முழுதும் உழைத்து முடிவில் கூலி பெறுகிறோம் என்றால், அதுவரை அது நமக்கு வர வேண்டிய கடன்தானே? "மச்சான்தானே, மாமா மகன்தானே, எப்படிக் கேட்பது?" என்ற தயக்கத்தால்தான் பல பெண்களின் கூலி நின்றுபோகிறது. எழுதிக்கொள்வது சந்தேகத்தால் அல்ல. உறவு கெடாமல் இருக்கத்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சம்மதம்" என்ற பதிலைப் பெற்றாலும் போதும். அதில் இருக்க வேண்டியவை:

1. என்னென்ன வேலை, எது நம் வேலை அல்ல.
2. நாளைக்கு எத்தனை மணி நேரம். ஜும்ஆ, பெருநாள் விடுமுறை.
3. கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்.
4. கூடுதல் வேலைக்குத் தனிக் கூலி.
5. விலகுவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வது. கடவுச்சொற்களைத் திருப்பி ஒப்படைப்பது.

கூலியைக் கணக்கிடுவது

நாளைக்கு 3 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 75 மணி நேரம். மணிக்கு 120 ரூபாய் கேட்டால் 9,000 வரும். இணையம், மின்சாரம், செல்போனுக்கு 1,200 ரூபாய் என்று வையுங்கள். 36,000 ரூபாய் மடிக்கணினி 3 ஆண்டு உழைத்தால் அதன் பங்கு மாதம் 1,000. மிச்சம் 6,800, அதாவது மணிக்கு ஏறத்தாழ 90 ரூபாய்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே கூலியைச் சொல்லுங்கள்.

எச்சரிக்கை

வேலை தருகிறவர் நம்மிடம் பணம் கேட்க மாட்டார். "டேட்டா என்ட்ரி வேலை, முன்பணம் கட்டுங்கள்" என்பவர் மோசடிக்காரர். வேலையில் பிழை இருக்கிறது, அபராதம் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் போல ஒன்றை அனுப்பி மிரட்டுவதும் அவர்கள் வழக்கம். பயந்து பணம் அனுப்பாதீர்கள், வீட்டில் மறைக்காதீர்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், வேறொருவருக்கு மாற்றிவிடுங்கள்" என்ற வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள். அது திருட்டுப் பணமாக இருந்தால் காவல்துறை விசாரணை நம் வாசலுக்குத்தான் வரும்.

சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசு இணையதளத்தில் கட்டணம் கிடையாது. பான், ஆதார், நம் பெயரிலேயே வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். வரவு செலவுக்கு ஒரு நோட்டு போடுங்கள்.

உள்ளூரில் ஒரே ஒரு கடையிலிருந்து தொடங்கினாலும் போதும். முதல் ஒப்பந்தத்தை எழுதத் தெரியாவிட்டால் தாளோடு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து எழுதுவோம், இன்ஷா அல்லாஹ். நம் சகோதரிகளின் ஹலாலான உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.