யானைக்கால் நோயும் அதனை அடக்கும் முறையும்

ஆற்றோரத்தில் வாழ்வோரின் கண்ணொளியைப் பறிக்கும் நோயொன்று ஆப்பிரிக்கக் கண்டத்தில் உண்டு. விரைந்தோடும் நீரில் வளரும் ஒருவகைக் கரிய ஈ கடிப்பதால், நூலையொத்த புழு மனிதர் உடலிற் புகுந்து, அதன் குஞ்சுகள் தோலையும் கண்ணையும் கெடுக்கின்றன. நம் நாட்டில் அந்நோய் இல்லை. ஆயினும் அப்புழுவுக்கு நெருங்கிய உறவினதாகிய மற்றொரு புழு, விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் நெடுங்காலமாகக் குடிகொண்டிருந்தது. அது விளைப்பதே யானைக்கால் நோய்.

இந்நோய் தோன்றும் வகையை முதலில் ஆராய்வோம். முதிர்ந்த புழுக்கள் மனிதரின் நிணநீர்க் குழாய்களில் தங்கி, பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, எண்ணிறந்த குஞ்சுகளை ஈனுகின்றன. இக்குஞ்சுகள் பகலில் உடலின் உட்பகுதிகளில் ஒடுங்கி, நள்ளிரவை அடுத்தே தோலருகிலுள்ள குருதிக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சுகிறது. கொசுவின் உடலில் ஏறக்குறைய இரண்டு வாரம் வளர்ந்தபின், அவை வேறொருவர் உடலிற் புகும் ஆற்றல் பெறுகின்றன. கொசுவின் உடலில் இப்புழு வளர்வதை 1877-ஆம் ஆண்டில் சீன நாட்டின் அமோய் நகரில் கண்டறிந்தவர் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவராவார். ஆகவே இந்நோய் முன்வினைப் பயனுமன்று. பெற்றோர் வழி வருவதுமன்று. நோயாளரைத் தொடுவதால் ஒட்டுவதுமன்று.

நோயை அடக்க விரும்புவோர் அது எங்கு மறைந்துள்ளதென்பதை அறிதல் வேண்டும். கால் வீங்கியவரை மட்டும் எண்ணினால் உண்மை விளங்காது. வீக்கம் சிறிதுமின்றி நலமாகத் தோன்றுவோர் பலருடைய குருதியிலும் குஞ்சுகள் இருத்தல் கூடும். அதனாலன்றோ சுகாதார ஊழியர் இரவில் வீடுதோறும் சென்று, விரல் நுனியிலிருந்து குருதித்துளி எடுத்து ஆராய்ந்தனர்! இக்காலத்தில் பகலிலேயே செய்யத்தக்க சோதனை அட்டைகளும் உள. ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சிறப்பாகச் சோதிப்பர். ஏனெனில், அண்மையில் பிறந்த அவர்களிடம் நோய்க்குறி காணப்படின், நோய் இன்னும் பரவுகின்றது என்பது தெளிவாகும்.

இனி மருந்தைப் பற்றி ஆராய்வோம். டை எதில் கார்பமசைன் என்னும் மருந்து குருதியிலுள்ள குஞ்சுகளை அழிக்கின்றது. முதிர்ந்த புழுக்களையோ முற்றிலும் அழிப்பதில்லை. ஆகையால் ஆண்டுக்கொருமுறையாகப் பல ஆண்டுகள் ஊரார் அனைவரும் ஒருங்கே உண்ணுதல் வேண்டும். 2004-ஆம் ஆண்டு முதல் இந்திய அரசாங்கம் இம்முறையை நாடெங்கும் நோயுள்ள மாவட்டங்களில் விரிவாக மேற்கொண்டது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கருவுற்ற மகளிரும், கடும் பிணியுற்றோரும் இதனை உண்ணலாகாது. ஆப்பிரிக்காவின் ஆற்றோர நோயுள்ளவருக்கு இம்மருந்து கண்ணுக்கே ஊறு செய்யும். அங்கே பயன்படுவது ஐவர்மெக்டின். 1987-ஆம் ஆண்டு முதல் அது அவர்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டு வருகிறது. அம்மருந்துக்கு வழிகண்ட காம்பெல், ஓமுரா என்னும் இருவரும் 2015-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

மருந்து ஒன்றே போதுமோ? இவ்வினாவுக்கு விடை, அக்காலத்தில் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருக்கோவிலூர்ப் பகுதிச் சிற்றூர்களிலேயே கிடைத்தது. 1995 முதல் 2005 வரை அங்கு நடைபெற்ற ஆராய்ச்சியில், சில ஊர்களில் மருந்து மட்டும் வழங்கப்பட்டது. வேறு சில ஊர்களில் மருந்துடன் கொசு ஒழிப்பும் சேர்க்கப்பட்டது. மருந்தால் பெற்ற நன்மை, கொசுவையும் அடக்கிய ஊர்களிலேயே நிலைத்து நின்றது. இம்முடிவு 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று.

க்யூலெக்ஸ் கொசு விரும்புவது அழுக்கு நீரையே. சாக்கடை, மூடாத கழிவுக்குழி, பாழடைந்த கிணறு ஆகியவையே அதன் பிறப்பிடங்கள். கழிவுக்குழியின் மேல் இலேசான பாலிஸ்டைரின் மணிகளைப் பரப்பினால், மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும் கொசுப்புழுக்கள் மடியும். தாய்க்கொசுவும் முட்டையிட இடமின்றி அகலும். கிணறுகளில் கொசுப்புழுவை உண்ணும் மீன்களை விடுதலும் நன்று.

முன்னரே கால் வீங்கியவர்களை நாம் மறத்தலாகாது. நாள்தோறும் காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு மருந்திட்டு, அமரும்போது காலை உயர்த்தி வைத்தால், காய்ச்சலும் வலியும் பெரிதும் குறையும். அவர்களை ஏளனம் செய்வது நோயினுங் கொடிது.

2027-ஆம் ஆண்டுக்குள் இந்நோயை அகற்றுவது நம் நாட்டின் குறிக்கோள். அதற்குத் தடையாவது மருந்தின்மையன்று, “நோயில்லாத எனக்கு மாத்திரை எதற்கு?” என்னும் எண்ணமே. மாத்திரையை வாங்கி வைத்து உண்ணாது விடுபவர், தம் குருதியில் மறைந்துள்ள விதையை அண்டை வீட்டுக் குழந்தைக்கு வழங்குவோராதல் கூடும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலுமிருந்து வந்து பயிலும் மாணவர்களே, விடுமுறையில் ஊர் செல்லும்போது இதனை உற்றாருக்கு எடுத்துரையுங்கள். வீட்டுக் கழிவுக்குழியை மூடுங்கள். கற்ற கல்வி கற்றவர் ஊருக்குப் பயன்படுதலே முறை.