வறட்சியில் மரமும் பயிரும்

மழை பொய்த்த ஆண்டில் எல்லா மரங்களும் ஒரே விதமாய் வாடுவதில்லை. வரப்பிலுள்ள வேம்பு கோடை தொடங்கும்போது இலையுதிர்த்து, மழை ஒரு துளியும் விழாதிருக்கையிலேயே செந்தளிர் விடுகின்றது. முருங்கை இலை முழுவதையும் கொட்டிவிட்டுப் பட்டமரம்போல் நின்று, ஒரு மழை கண்டதும் உயிர்த்தெழுகின்றது. அதே நிலத்திலுள்ள தென்னையோ ஓலை துவண்டு குரும்பை உதிர்க்கின்றது. எந்த மரம் எதை விட்டுக்கொடுத்து எதைக் காக்கின்றது என்பதை அறிந்த குடியானவருக்கு, எதற்கு நீர் சுமப்பது, எதன்மேல் கோடரி வைப்பது என்று தீர்மானித்தல் எளிதாகும்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதி இலை வழியாய் ஆவியாகிப் போய்விடுகின்றது. இலைத்தோலில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் உண்டு. நீராவி வெளியேறுவதும் அவற்றின் வழியே. கரியமில வாயு உட்புகுவதும் அவற்றின் வழியே. அவ்வாயுவைக் கொண்டுதான் செடி தன் ஆகாரத்தைச் சமைக்கின்றது. ஆகவே, துளையைத் திறந்து வைத்தால் தாகம்; மூடினால் பசி. இவ்விரண்டிற்கும் இடையே செடி படும் பாடே வறட்சியாகும். மண் காயத் தொடங்கியதும் அப்ஸிஸிக் அமிலம் என்னும் பொருள் செடியிற் பெருகித் துளைகளை மூடச் செய்கின்றது. துளையின் இருபுறத்தும் உள்ள காவல் உயிரணுக்களில் பொட்டாஷ் சத்து ஏறினால் அவை நீர் கொண்டு உப்பித் துளை திறக்கும். அது வெளியேறினால் தளர்ந்து மூடும். சாம்பல் சத்துக் குறைந்த நிலத்துச் செடி இத்தொழிலைச் செவ்வனே செய்யமாட்டாமல் விரைவில் வாடுவதற்குக் காரணம் இதுவே.

கள்ளி, கற்றாழை, பிரண்டை ஆகியவை வேறொரு தந்திரம் கற்றவை. பகலில் துளைகளை அடைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறந்து வாயுவை வாங்கி, அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைக்கொண்டு ஆகாரம் சமைக்கின்றன. செலவாகும் நீர் மிகச் சொற்பம். வளர்ச்சியும் அதற்கேற்ப மந்தமே.

வன்னிமரம் சிக்கனத்தைவிட ஆழத்தையே நம்புகின்றது. அதன் ஆணிவேர் மேல்மண்ணின் ஈரத்தைப் பாராட்டாது நெடுந்தூரம் கீழிறங்குவதால், கடுங்கோடையிலும் அது தழைத்து ஆட்டுக்குத் தீனி தருகின்றது. பனை முளைக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. கொட்டையினின்று புறப்படும் முளை மேல்நோக்கி எழாது, முதலில் மண்ணுக்குள் இறங்குகின்றது. அங்கே கிழங்கு பருத்து வேரூன்றிய பின்னரே ஓலை வெளியே தலைகாட்டும்.

மரத்தினுள் நீர் மேலேறுவது, இலையில் ஆவியாகும் நீர் கீழுள்ள நீரை இழுப்பதனால் ஆகும். மண் மிகக் காய்ந்தால் இவ்விழுப்பு அளவு கடந்து, குழாய்களில் காற்றுக் குமிழி புகுந்து நீர்த்தொடர் அறுந்துபோகின்றது. வேம்பு போன்ற மரங்கள் மழை வந்தபின் புதுக் கட்டையை உண்டாக்கி, அடைபட்ட குழாய்களுக்கு ஈடு செய்துகொள்கின்றன. தென்னைக்கும் பனைக்கும் அவ்வசதி இல்லை. அவற்றின் தண்டு ஆண்டுதோறும் பருப்பதில்லை. முதலில் அமைந்த குழாய்களே ஆயுள் முழுதும் உழைக்கவேண்டும். பனை பெரும்பாலும் இதைச் சமாளித்துக் கொள்கின்றது. நீர் பாய்ச்சியே பழக்கப்பட்ட தென்னைக்கு அது கடினம். அதன் வேர்களிற் பெரும்பாலானவை அடிமரத்தைச் சுற்றி மேல்மண்ணிலேயே பரவியுள்ளன.

தானியப் பயிர்களைப் பற்றியும் இங்கு ஒரு சொல் சொல்லவேண்டும். சோளம் இலையைச் சுருட்டி, வளர்ச்சியை நிறுத்தி, மழைக்குக் காத்திருக்க வல்லது. மக்காச்சோளமோ பூக்கும் தருணத்தில் வாடிவிட்டால் மணி பிடிக்கத் தவறுகின்றது. ஆயினும் வாடிய இளஞ்சோளத்தையும், மழைக்குப் பின் அதன் தூரில் வெடிக்கும் தளிரையும் மாடு மேயவிடுதல் பேராபத்து. அவற்றில் ஹைட்ரோஸயனிக் அமிலம் என்னும் கொடிய நஞ்சு உண்டாகின்றது. மேய்ந்த மாடு சிறிது நேரத்தில் மாண்டுபோகக்கூடும். தீவனமில்லாத காலத்தில்தான் இத்தவறு நேர்கின்றது என்பது வருந்தத்தக்கது.

தென்னைக்கு மீண்டும் வருவோம். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கமான அளவில் 62 சதவிகிதம் குறைந்தது. அதையடுத்துக் கோயமுத்தூர், திருப்பூர் முதலிய மாவட்டங்களில் தென்னைகள் பெருவாரியாய்க் காய்ந்தன. பிழைத்த மரங்களின் உடையவர்களும் மறு ஆண்டு நல்ல மழை பெய்தும் காய்ப்பு இல்லையே என்று மனம் தளர்வது இயல்பு. தென்னையின் கணக்கு நீண்டது. பாளையின் கரு தோன்றி அது விரிய ஏறக்குறைய 32 மாதமும், விரிந்த பாளையின் காய் முற்ற மேலும் 12 மாதமும் ஆகும். 2016 கார்த்திகையில் கருக்கொண்ட பாளை 2019 ஆடியில் விரிந்து, 2020 ஆடியில்தான் வெட்டுக்கு வரும். இடையிலுள்ள ஒவ்வொரு பருவத்திலும் சில பாளைகள் கருகியும் குரும்பைகள் உதிர்ந்தும் போயிருக்கும். மரம் தன் உயிரைக் காக்கப் பிள்ளைகளைக் கைவிடுகின்றது எனலாம். ஓராண்டு காய்க்கவில்லை என்று வெட்டிவிட்டு நெட்டை வகைக் கன்று வைத்தால், அது காய்க்க 6 அல்லது 7 ஆண்டு செல்லும். நடுக்குருத்துப் பசுமையாய் மேலெழும் மரத்தை வெட்டலாகாது. குருத்துக் காய்ந்து, பிடித்திழுத்தால் கையோடு வருமாயின் அம்மரத்தில் நம்பிக்கையில்லை. பிற மரங்களில் பட்டையை நகத்தாற் கீறிப் பச்சை தெரிகின்றதா என்று பார்ப்பது போதும்.

வறட்சி முற்றும்போது தென்னையின் அடியில் வாடித் தொங்கும் ஓலைகளை மட்டும் கழித்துவிடலாம். பச்சை ஓலையைத் தொடலாகாது. காய்ந்த மண்ணில் இரசாயன உரம் இடுவதும், ஆழ உழுது வேரறுப்பதும் கேட்டைத் தரும். பொட்டாஷை ஈரமுள்ள காலத்திலேயே கொடுத்து வைத்தல் நலம். காய்க்கும் மரத்துக்கு ஆண்டொன்றுக்கு மியூரியேட் ஆப் பொட்டாஷ் 2 கிலோகிராமை இரு தவணையாய் இடுவது வழக்கத்திலுள்ள அளவு.

செலவில்லாத உதவி உரிமட்டையில் இருக்கின்றது. அடிமரத்தினின்று 1.8 மீட்டர் வரையுள்ள வட்டப்பாத்தியில் சுமார் 100 மட்டைகளைக் குவிந்த புறம் மேலாகப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. மழைக்காலத்தின் தொடக்கத்தில் வரிசைகளுக்கு நடுவே, மரத்தினின்று 3 மீட்டர் தள்ளிக் குழியெடுத்து மட்டைகளைப் புதைப்பதாயின், குழிந்த புறம் மேல்நோக்கியிருக்க வேண்டும். அப்பொழுது ஒவ்வொரு மட்டையும் ஒரு சிறு தொட்டியாகி நீரைத் தாங்கும். அடுக்குக்கு அடுக்கு மண் இட்டு மூடிய இம்மட்டைகள் மக்கித் தீர 5 முதல் 7 ஆண்டு வரை ஆகும். அதுவரை அவ்விடத்து ஈரம் வேருக்குக் கிட்டிக்கொண்டே இருக்கும்.