விளையாட்டில் வளரும் பேச்சு: மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு பாடம்



பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மார்க்கம் கேட்க வந்தபோது, நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் பக்கம் திரும்பவில்லை. அதைச் சுட்டிக்காட்டி இறங்கியதே 80-வது அத்தியாயமான 'அபஸ'. பின்னர் மதீனாவில் பிலால் (ரலி) அவர்களோடு அவரும் பாங்கு சொல்பவராக இருந்தார். பேச வருபவருக்குக் காது கொடுப்பது நம் கடமை என்பதை இதில் கற்கிறோம்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? பிள்ளை கேட்கும் முன்பே தண்ணீர் தருகிறோம். விருந்தாளி பெயர் கேட்டால் நாமே சொல்லிவிடுகிறோம். எல்லாம் பாசத்தால்தான். ஆனால் கேட்க வேண்டிய தேவையே வராத பிள்ளைக்குப் பேச்சு எப்படிப் பழகும்?

விளையாட்டு அந்தத் தேவையை உண்டாக்குகிறது. 'என் முறை', 'இன்னொன்று', 'போடு', 'வேண்டாம்' என்று அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிள்ளைக்கு ஏற்றபடி ஆட்டத்தின் பொருளையும் விதியையும் மாற்றினால் போதும். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்து உருளும்போது ஓசை எழுப்பும், அதுபோலத்தான்.

வீட்டில் செய்யக்கூடிய மூன்று ஆட்டங்கள்:

1. பல்லாங்குழி: விரல் பிடிமானம் குறைந்த பிள்ளைக்குக் குழிகளுக்குப் பதில் கிண்ணங்கள், புளியங்கொட்டைக்குப் பதில் எலுமிச்சம்பழங்கள். பழங்களை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை கேட்கும்வரை காத்திருங்கள்.

2. பரமபதம்: அட்டைப்பெட்டியில் பெரிய புள்ளிகள் ஒட்டிப் பகடை செய்யுங்கள். கையில் எடுக்க முடியாவிட்டால் தட்டிவிடட்டும். பேச்சு வராத பிள்ளையின் அருகில் 'என் முறை', 'போடு' படங்களை வையுங்கள்.

3. பந்து உருட்டுதல்: அத்தா, அக்கா, தம்பி என்று அழைத்து உருட்ட வேண்டும். பார்வை இல்லாத பிள்ளைக்குச் சலங்கை வைத்த பந்து. காது கேளாத பிள்ளைக்குக் கையசைத்துச் சைகை.

முக்கியமான விதி காத்திருப்பது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். பார்வை, விரல் நீட்டல், ஒரு சத்தம், எதுவானாலும் அது பதில்தான். உடனே ஏற்று, அந்தச் சொல்லை ஒருமுறை நீங்கள் சொல்லி ஆட்டத்தைத் தொடருங்கள். 'சொன்னால்தான் தருவேன்' என்று வற்புறுத்த வேண்டாம். வீட்டில் உருது பேசினால் உருதுவிலேயே விளையாடுங்கள்.

படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அது பேச்சைத் தடுப்பதில்லை. பல பிள்ளைகளுக்குத் துணையாகவே இருக்கிறது. சென்னையில் 1985-ல் தொடங்கிய வித்யாசாகர் நிறுவனம் இந்த வழியில் நெடுங்காலமாகப் பணியாற்றுகிறது. படத்தைத் தொட்டால் குரல் தரும் 'ஆவாஸ்' செயலியும் சென்னையில் உருவானதே, தமிழிலும் உண்டு. தொடக்கத்துக்கு ஒரு நோட்டும் சில படங்களும் போதும்.

அந்த நோட்டில் முதலில் ஒட்ட வேண்டியவை 'வேண்டாம்', 'வலிக்கிறது'. பிள்ளை 'வேண்டாம்' என்றால் ஆட்டத்தை நிறுத்துங்கள். தன் மறுப்புக்கு மதிப்பு உண்டு என்று வீட்டில் அறிந்த பிள்ளைதான், வெளியில் ஒருவர் தவறாகத் தொட்டாலும் மறுக்கவும் உங்களிடம் வந்து தெரிவிக்கவும் துணியும்.

பேச்சு தாமதமானால் முதலில் அரசு மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்யுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

இன்று அஸருக்குப் பின் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். அண்ணன் தங்கைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளின் சொல்லுக்குக் காத்திருக்கும் பொறுமையை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.